சாவரின் ஹில்லைப் போலவே இருக்கிறது என்பதால் படம் உண்மையாகிவிடுமா?

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மெல்பர்னில் இருக்கும் ஒருவர், பெண்டிகோ போகிற வழியில் ஒரு பழைய சாமான் கடையில் ஃப்ரேம் போட்ட நான்கு படங்களை 60 டாலருக்கு வாங்கியிருக்கிறார். ஒன்று, பள்ளத்தாக்கு முழுக்கக் கூடாரங்கள் தெரியும் பழைய பல்லாரட், பெண்டிகோவைப் போலவே 1850-களில் தங்கம் தேடி ஆட்கள் குவிந்த விக்டோரியா ஊர். இரண்டாவது, ஜான் ஆலூ என்ற சீனரின் உணவுக்கடை. மூன்றாவது, 1854-ல் பல்லாரட்டில் தங்கம் தோண்டுவோர் அரசை எதிர்த்து எழுப்பிய யூரேகா அரண் மேல் சிப்பாய்கள் பாயும் சண்டை. நான்காவது, பெண்டிகோவின் ஷாம்ராக் ஹோட்டல், மூலையில் பென்சிலால் எண் போட்டுக் கையெழுத்தும் உண்டு. இவை ஒரிஜினல்தானா, விலை போகுமா என்று கேட்டிருக்கிறார். அதற்குக் கீழே போகிறபோக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள் பள்ளியோடு, பல்லாரட்டில் தங்க வேட்டைக் கால ஊர் மாதிரி அமைத்திருக்கும் சாவரின் ஹில் போய்வந்து ‘அங்கே பார்த்த தெரு அப்படியே இந்தப் படத்தில் இருக்கிறது’ என்றாளாம், அப்படியானால் அந்தக் காலத்தில் ஊர் இப்படித்தான் இருந்தது என்று நம்பலாம்தானே என்று. எனக்கு இந்த இரண்டாவது கேள்விதான் பெரிதாகத் தெரிகிறது. விலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு அதற்கு வருகிறேன்.

நான் கல்லூரியில் அச்சோவியம் படித்தவன். கல்லில் வரைந்து, மை ஏற்றி, கை வலிக்க அழுத்தி எடுத்துப் பழகியவன். இங்கே வந்த பிறகு பதினேழு வருடமாகப் பழைய காகிதங்களைச் சீர்செய்து ஃப்ரேம் போட்டுக் கொடுப்பதுதான் பிழைப்பு. வரலாற்று ஆசிரியன் இல்லை. உங்கள் படங்களையும் கையில் எடுத்துப் பார்க்கவில்லை, நீங்கள் கண்ணாடியோடு எடுத்துப் போட்டிருக்கும் புகைப்படங்களை மட்டும்தான் பார்த்தேன், அதில் பாதி இடத்தில் உங்கள் வீட்டு ஜன்னல்தான் தெரிகிறது. ஆகவே கீழே சொல்வதில் எது உறுதி, எது ஊகம் என்று அங்கங்கே குறித்துவிடுகிறேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியது: முதல் படமும் மூன்றாவதும் நகல்கள். முதல் படத்தின் மூலம் யூஜின் வான் கெரார்ட் வரைந்த எண்ணெய் ஓவியம், பல்லாரட் ஓவியக் காட்சியகத்தின் சுவரில் இருக்கிறது. மூன்றாவது ஹெண்டர்சன் என்பவரின் நீர்வண்ணம், சிட்னியில் மாநில நூலகத்தில் இருக்கிறது. நான்காவது, என் அனுபவத்தில் பத்துக்கு ஒன்பது முறை ஆஃப்செட் அச்சுதான். மூலையில் 212/500 என்று போட்டுப் பென்சிலில் கையெழுத்திட்டுவிட்டால் அது அச்சோவியம் ஆகிவிடாது. ஓவியர் தான் வரைந்ததைப் படமெடுத்து, அச்சகத்தில் ஐந்நூறு பிரதி ஓட்டி, ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். அதில் ஏமாற்று எதுவும் இல்லை, சுற்றுலா ஊர்களில் இது மரியாதையான தொழில். ஆனால் விலை ஏறும் பொருளும் இல்லை. மிச்சம் இருப்பது ஜான் ஆலூ படம். அது மட்டும் உண்மையான கல்லச்சாக, அதாவது கல்லில் வரைந்து எடுத்த அச்சாக, இருக்க வாய்ப்பு உண்டு, ஏனென்றால் தங்க வயல் காட்சிகளை வரைந்த எஸ். டி. கில் என்ற ஓவியர் அதைக் கல்லச்சாகத்தான் 1855-ல் வெளியிட்டார், பிரதிகள் விற்பதற்கென்றே வந்தவை. சின்ன வாய்ப்புதான், ஆசையை வளர்த்துக்கொள்ள வேண்டாம்.

பார்க்கும் முறை இதுதான். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் ஒன்று வாங்குங்கள், நகைக்கடைக்காரர் கண்ணில் வைப்பது போன்றது. வானம் இருக்கும் இடத்தில் வையுங்கள். ஒழுங்காக வரிசை கட்டிய புள்ளிகள், வண்ணவண்ணமாகப் பூப்போல் கூடி நின்றால் இருபதாம் நூற்றாண்டு அச்சு, பேச்சு முடிந்தது. கல்லச்சில் அப்படி இருக்காது, சொரசொரப்பான சுவரில் கரித்துண்டால் இழுத்த மாதிரி ஒழுங்கில்லாத துகள்கள் தெரியும். கையால் வண்ணம் பூசியிருந்தால் அது கோட்டுக்கு மேலே படிந்து, சில இடங்களில் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும். அப்புறம், ஃப்ரேமை நம்பாதீர்கள். நானே ஒருமுறை பழைய மரச்சட்டம், பின்னால் 1880-களின் செய்தித்தாள் ஒட்டியிருந்ததைப் பார்த்து, வாடிக்கையாளரிடம் ‘நல்ல பழசு’ என்று சொல்லிவிட்டேன். கண்ணாடியைக் கழற்றினால் உள்ளே இருந்தது நாட்காட்டியிலிருந்து வெட்டிய தாள். யாரோ பாட்டனார் படத்தை எடுத்துவிட்டு அந்த ஃப்ரேமுக்குள் இதைச் செருகியிருக்கிறார்கள். அந்த அம்மா சிரித்துக்கொண்டே போனார், எனக்குத்தான் ஒரு வாரம் தூக்கம் சரியாக வரவில்லை.

சரி, மகள் சொன்னதற்கு வருவோம். சாவரின் ஹில் பழைய ஊர் இல்லை. 1970-ல் திறந்த ஒரு திறந்தவெளி அருங்காட்சியகம். 1850-களில் பல்லாரட்டின் மெயின் ரோடு மரத்தாலும் துணியாலும் எழுந்த தெரு, தீ அதைத் தின்றது, கொஞ்சம் கொஞ்சமாக ஊரின் நடுவும் மேட்டுப் பக்கம் நகர்ந்தது. ஆகவே நூறு வருடம் கழித்து அந்தத் தெருவைத் திரும்பக் கட்ட வந்தவர்களுக்கு, பார்த்து அளக்கக் கட்டடங்கள் இல்லை. பழைய படங்களைத்தான் பார்த்தார்கள், அதில் கில் போட்ட படங்களும் உண்டு. படத்தைப் பார்த்து ஊரைக் கட்டிவிட்டு, பிறகு ஊரைப் பார்த்துப் படம் சரி என்று சொன்னால் அது ஒரே சாட்சியை இரண்டு முறை கூண்டில் ஏற்றுவது போல. உங்கள் மகளின் கண்ணில் குறையில்லை, அவள் சரியாகத்தான் பார்த்திருக்கிறாள். ஆனால் அந்த ஒற்றுமை எதையும் நிரூபிக்கவில்லை.

அப்படியானால் எதை வைத்து நம்புவது? என் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: படத்தில் இருப்பது எந்த வருடம், படம் வரையப்பட்டது எந்த வருடம்? இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். உங்கள் முதல் படம் இதற்கு அருமையான உதாரணம். தலைப்பு ‘1853-54 கோடையில் இருந்தபடி பழைய பல்லாரட்’. வரையப்பட்டது 1884-ல். முப்பது வருட இடைவெளி. அதைவிடச் சுவாரசியம், வான் கெரார்ட் அப்போது ஆஸ்திரேலியாவிலேயே இல்லை, 1882-ல் ஐரோப்பாவுக்குத் திரும்பிவிட்டார். டூசல்டார்ஃபில் உட்கார்ந்துகொண்டுதான் பல்லாரட்டின் வெயிலை வரைந்தார். கேட்டு வரையச் சொன்னவர் ஜேம்ஸ் ஓடி என்பவர், பல்லாரட்டில் ஆரம்பத்திலேயே வந்து குடியேறி வசதியானவர், 1884-ல் ஓவியக் காட்சியகத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அவர் அந்த ஓவியத்தை 1885-ல் யூரேகா நினைவு நாளன்று காட்சியகத்துக்குக் கொடுத்தார். ‘பழைய’ என்ற சொல் தலைப்பிலேயே இருக்கிறது பாருங்கள். ஊர் கல்லும் சுண்ணாம்புமாக நிமிர்ந்துவிட்ட பிறகு, கூடாரத்தில் தொடங்கினோம் என்று சொல்லிக்கொள்ள முதியவர்களுக்கு ஒரு படம் தேவைப்பட்டது.

இதனால் அது பொய் என்று சொல்ல வரவில்லை. வான் கெரார்ட் அங்கே இருந்தவர். வியன்னாவில் பிறந்து, டூசல்டார்ஃபில் நிலக்காட்சி பயின்று, 1852 இறுதியில் விக்டோரியாவுக்கு வந்து, 1853 தொடக்கத்திலிருந்து ஒரு வருடத்துக்கு மேல் பல்லாரட்டில் மண் தோண்டினார். தங்கம் பெரிதாகக் கிடைக்கவில்லை, நாட்குறிப்பும் பென்சில் படங்களும்தான் மிஞ்சின. 1884-ல் அந்தக் குறிப்புகள் கை கொடுத்தன. நிலத்தை வரைவதில் அவர் எவ்வளவு கறார் என்பதற்கு வேறு ஊரில் ஒரு சாட்சி இருக்கிறது. 1855-ல் டவர் ஹில் என்ற அவிந்த எரிமலையை வரைந்தார். பிறகு அங்கே மரங்களை வெட்டி, மாடு மேய்த்து, இடம் மொட்டையாகிவிட்டது. 1960-களில் திரும்பக் காடு வளர்க்க முடிவு செய்தபோது, எங்கே எந்தச் செடி இருந்தது என்று தெரிந்துகொள்ள அவருடைய ஓவியத்தைத்தான் எடுத்துப் பார்த்தார்கள். ஆகவே முதல் படத்தில் மேடு பள்ளம், தொலைவு, மரங்களை நான் நம்புவேன். வாரன்ஹீப், பனின்யாங் மலைகள் இன்றும் அதே இடத்தில்தான் இருக்கின்றன, அடுத்த முறை போகும்போது மகளைக் கூட்டிப்போய் வடிவத்தை ஒப்பிடலாம், இந்தச் சாட்சியை யாரும் 1970-ல் கட்டவில்லை. கூடாரங்கள் எத்தனை, ஆட்கள் எங்கே நின்றார்கள் என்பதில் மட்டும் சந்தேகத்தை வைத்துக்கொள்வேன். முப்பது வருடம் கழித்து எந்த மனதும் கூட்டத்தைக் கொஞ்சம் அழகாக அடுக்கிவிடும்.

கில் வேறு ரகம். 1839-ல் அடிலெய்டுக்கு வந்த ஆங்கிலேயர், 1852-ல் தங்க வயலுக்குப் போனார், அதே வருடமே கல்லச்சுத் தொகுதி வெளியிட்டார். வரைந்ததற்கும் பார்த்ததற்கும் நடுவில் இடைவெளி சில மாதங்கள்தான். மண் அலசும் தொட்டில் எப்படிப் பிடிப்பார்கள், ராட்டினத்தில் வாளி எப்படித் தொங்கும், மாதம் முப்பது ஷில்லிங் உரிமச் சீட்டைப் பரிசோதிக்க வரும் போலீஸ்காரர் குதிரை மேல் எப்படி நிமிர்ந்து இருப்பார், இதற்கெல்லாம் அவரைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. ஆனால் அவர் விற்பதற்காக வரைந்தவர், அதுவும் சிரிக்க வைத்து விற்றவர். ‘அதிர்ஷ்டக்காரன் திரும்பி வந்தான்’, ‘அதிர்ஷ்டமில்லாதவன் திரும்பவே இல்லை’ என்று ஜோடி ஜோடியாகப் படம் போடுவார். அதில் வரும் ஆட்கள் ஆட்கள் இல்லை, தெருக்கூத்துக் கட்டியங்காரன் மாதிரி வகைமாதிரிகள். கருவியை நம்புங்கள், முகத்தை நம்பாதீர்கள் என்பது கில் விஷயத்தில் என் கணக்கு. இன்னொரு குழப்பமும் உண்டு. 1869-ல் மெல்பர்ன் பொது நூலகம் கேட்டதற்காக 1852-53 காட்சிகளையே மறுபடியும் நீர்வண்ணத்தில் வரைந்து கொடுத்தார். இன்று புத்தகங்களிலும் அஞ்சலட்டைகளிலும் கண்ணுக்கு இதமாக வருவது பெரும்பாலும் இந்த இரண்டாம் சுற்றுதான், கீழே ‘1852’ என்று போட்டிருக்கும், வரைந்தது பதினாறு பதினேழு வருடம் கழித்து. அவர் கதை நல்லபடி முடியவில்லை. 1880-ல் மெல்பர்ன் தபால் நிலையப் படிக்கட்டில் விழுந்து இறந்தார், அநாதைப் பிணமாகப் புதைத்தார்கள், 1913-ல்தான் வரலாற்றுச் சங்கத்தார் தனிக் கல்லறைக்கு மாற்றிக் கல் நட்டார்கள். நகரத்தில் அந்தப் படிகளைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வரும்.

உங்கள் இரண்டாவது படத்தை நான் மதிப்பதற்கு விலை காரணமில்லை. 1855-ல்தான் விக்டோரியா அரசு கப்பலில் வரும் சீனர் ஒவ்வொருவர் மேலும் பத்துப் பவுண்டு வரி போட்டது. அதைத் தவிர்க்க அவர்கள் பக்கத்துக் காலனியில் ரோப் துறைமுகத்தில் இறங்கி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே தங்க வயலுக்கு வந்தார்கள். அதே வருடம் கில், மெயின் ரோட்டில் சொந்தப் பெயரில் பலகை மாட்டி வெள்ளைக்காரர்களுக்குச் சோறு போட்ட ஒரு சீன முதலாளியின் கடையை, வழக்கமான கேலி இல்லாமல் வரைந்திருக்கிறார். நினைவுச்சின்னம் என்றால் தேவாலயமும் டவுன் ஹாலும்தான் என்று நினைப்பவர்களுக்கு இதைக் காட்டுவேன். அந்த மண்ணின் வாதவுருங் மக்களும் இந்த வகைப் படங்களில் அநேகமாக ஓரத்துக்குப் போய்விடுவார்கள். வான் கெரார்ட் 1854-ல் வரைந்த ஒன்று விதிவிலக்கு, தங்க வயலுக்குப் போகும் பாதையில் பழங்குடியினர் போசம் என்ற மரவிலங்கின் தோலால் செய்த போர்வையை வெள்ளைக்காரருக்கு விற்கும் காட்சி, ஜீலாங் காட்சியகத்தில் இருக்கிறது. முடிந்தால் நேரில் பாருங்கள், நகலில் அந்தத் தோலின் பளபளப்பு வராது.

மூன்றாவது படத்தில்தான் நான் மிகவும் எச்சரிக்கையாக இருப்பேன். யூரேகா தாக்குதல் நடந்தது 1854 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை, பொழுது விடிவதற்குள். அரணுக்குள் இருந்த பலர் சனிக்கிழமை இரவே வீட்டுக்குப் போயிருந்தார்கள். சிப்பாய்களும் போலீஸும் சேர்ந்து ஏறக்குறைய 300 பேர் வந்து, கால் மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துபோனது. அரண் என்று சொல்வதே அதிகம், பலகைகளையும் கவிழ்த்த வண்டிகளையும் அவசரமாகக் குவித்த வேலி. உங்கள் படத்தில் வெளிச்சம் நன்றாக இருக்கிறது, எல்லோரும் முகம் தெரிய நின்று சண்டை போடுகிறார்கள், அரையிருட்டும் குழப்பமும் இல்லை. சண்டையின் உணர்ச்சிக்கு அது சாட்சி, சண்டைக்கு இல்லை. அந்த வேலி சரியாக எந்த இடத்தில் நின்றது என்பதே இன்றுவரை வாதத்தில் இருக்கும் விஷயம்.

இதே நிகழ்வுக்கு வேறொரு சாட்சி 1996-ல்தான் வெளியே வந்தது. சார்லஸ் டூடியே என்ற கனடாக்காரர் அந்த நாட்களில் அங்கே தோண்டிக்கொண்டிருந்தார், ஒரு சின்னப் புத்தகத்தில் நீர்வண்ணத்தில் போட்டுவைத்தார், ஊருக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். கனடாவில் குடும்பத்தார் பரணில் கிடந்து, ஏலத்துக்கு வந்து, பல்லாரட் காட்சியகம் வாங்கியது. படமாக மதிப்பிட்டால் சுமார்தான், ஆட்கள் தீக்குச்சிகள் மாதிரி நிற்பார்கள். ஆனால் தோண்டுவோர் தென்சிலுவைக் கொடியின் கீழ் மண்டியிட்டு உறுதி எடுக்கும் காட்சியில் அவர் வரைந்திருக்கும் கொடி, நீலத்தில் வெள்ளைச் சிலுவையும் ஐந்து நட்சத்திரமும், காட்சியகத்தில் கந்தலாக இருந்த கொடியோடு பொருந்தியது. அந்தக் கந்தல்தான் உண்மையான யூரேகா கொடியா என்று அதுவரை நீடித்த சந்தேகம் இதில் பெருமளவு அடங்கியது. கை தேர்ந்த ஓவியர்கள் சாதிக்காததை, வரையத் தெரியாத ஒருவர் பார்த்ததை அப்படியே போட்டதால் சாதித்தார். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கதை இது, யாராவது கேட்டால் டீ ஆறும்வரை சொல்வேன்.

ஷாம்ராக் ஹோட்டலைச் சுருக்கமாக முடிக்கிறேன். இன்று நிற்கும் கட்டடம் 1897-ல் வந்தது. தங்க வேட்டை தொடங்கியது 1851-ல். இந்த ஊர்களில் ‘தங்க வேட்டைக் காலச் சின்னம்’ என்று வரைந்து விற்கப்படும் பெரும்பாலான மாடமாளிகைகள் தொட்டில் ஆட்டியவர்களின் காலத்தவை அல்ல, பிறகு கம்பெனிகள் பாறைக்குள் ஆழத் தோண்டி எடுத்த பணத்தில் எழுந்தவை. பெண்டிகோவில் அலெக்சாண்ட்ரா நீரூற்று 1881, தபால் நிலையம் 1887. இதில் உச்சம் சென்ட்ரல் டெபோரா சுரங்கத்தின் இரும்புக் கோபுரம். கோலார் தங்கவயலில் வளர்ந்தவர்களுக்குப் பழகிய உருவம், மேலே சக்கரம் சுற்றும், கூண்டு இறங்கும். பெண்டிகோ படங்களில் அதைப் பாதிப் பேர் போடுவார்கள், ஆனால் அந்தச் சுரங்கம் 1939-ல் தொடங்கி 1954-ல் மூடியது. படத்தை வைத்துக் காலம் கணிக்க இன்னும் சில தடயங்கள் உண்டு. ‘சாண்ட்ஹர்ஸ்ட்’ என்று அச்சிட்டிருந்தால் அநேகமாக 1891-க்கு முந்தியது, அதுவரை பெண்டிகோவின் அதிகாரப் பெயர் அதுதான். பல்லாரட் தெருவில் மின் டிராம் கம்பி தெரிந்தால் 1905-க்குப் பிந்தியது. ஆனால் பல்லாரட்டை ஆங்கிலத்தில் நான்கு ‘ஏ’ போட்டு எழுதியிருப்பதை வைத்துப் பழசு என்று முடிவு கட்டாதீர்கள், நகராட்சி 1994 வரை அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். மூன்று படங்களை மகள் அறையில் மாட்டிவிடுங்கள், நேர் வெயில் படாத சுவராகப் பாருங்கள். ஜான் ஆலூவை மட்டும் ஃப்ரேமிலிருந்து மெதுவாகக் கழற்றுங்கள். பின்னட்டை பழுப்பேறி நொறுங்கினால் கை வைக்காமல் நிறுத்திவிட்டு, பக்கத்தில் காகிதம் சீர்செய்பவர் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். நல்லபடியாக வெளியே வந்தால், விக்டோரியா மாநில நூலகம் கில் படங்களை நல்ல தெளிவில் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, அங்கே இதே படத்தைத் தேடி எடுத்துக் கோட்டுக்குக் கோடு ஒப்பிடுங்கள். அப்புறம் கடைப் பலகையில் இருக்கும் எழுத்துகளையும் மேலே வானத்தையும் லென்ஸ் வழியாக, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படமெடுத்துப் போடுங்கள், ஜன்னல் தெரியாமல். புள்ளியா துகளா என்று பார்த்துச் சொல்கிறேன்.